கிரானைட் மலைச்சரிவு மண்ணின் இயல்புகளும் வரம்புகளும்: ஹாங்காங் வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கிரானைட் பாறை சிதைந்து உருவாகும் மலைச்சரிவு மண், வளம் குன்றியது; எளிதில் அரிக்கப்படுவது; மழைநீர் ஊறும்போது வலிமை இழப்பது. இவ்வியல்புகள் பாறையின் கனிமச் சேர்க்கையிலிருந்தும் தட்பவெப்பத்திலிருந்தும் பிறப்பவை. மனித வரலாற்றின் கால அளவில் பெரிதும் மாறாதவை. ஆயினும் இம்மண்ணின் ‘குறை’ எது என்பதற்கு ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விடை அளித்துள்ளது. 1841ஆம் ஆண்டு முதல் இன்றுவரையிலான ஹாங்காங்கின் மலைச்சரிவு வரலாற்றைக் களமாகக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. மண்ணின் வரம்பு பேரழிவாக மாறியதற்கு மண் மட்டும் காரணமன்று. அச்சரிவில் என்ன கட்டப்பட்டது, எவ்வாறு கட்டப்பட்டது, அதன் அடிவாரத்தில் யார் குடியமர்த்தப்பட்டனர் என்னும் முடிவுகளும் காரணம் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கிரானைட், பாறைச் சிதைவு, மலைச்சரிவு, மண்ணரிப்பு, மண்சரிவு, நிரப்புமண், சுண்ணம், ஹாங்காங்.

முன்னுரை

தமிழில் ‘கருங்கல்’ என்னும் சொல் கட்டடத்திற்கும் சிற்பத்திற்கும் பயன்படும் கடினமான பாறைகள் பலவற்றையும் குறிக்கும். நிலவியலார் ‘கிரானைட்’ என்பது அவற்றுள் ஒரு வகையை மட்டுமே. பூமியின் ஆழத்தில் பாறைக்குழம்பு மெல்லக் குளிர்ந்து உறைந்ததால் உருவான, பருமணிகள் கொண்ட பாறை அது. இக்கட்டுரை கருங்கல் என்னும் பொதுச்சொல்லைத் தவிர்த்துக் கிரானைட் என்றே வழங்குகிறது.

கல்லைப் போன்ற உறுதி என்பது நம் பேச்சு வழக்கு. உறுதிக்கு உவமையாகும் அப்பாறை, வெப்பமும் ஈரமும் மிகுந்த நிலங்களில் விரல்களால் பிசைந்து பொடியாக்கத்தக்க மண்ணாக மாறிக் கிடக்கிறது. வெளித்தோற்றத்தில் பாறையின் வடிவம் சற்றும் குலையாதிருக்கும். கையில் எடுத்து நீரில் இட்டால் கரைந்து உதிரும். இம்முரண்பாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் நிலப்பகுதிகளுள் ஒன்று தென்சீனக் கடற்கரையிலுள்ள ஹாங்காங். அங்கு இம்மண் வேளாண்மை, காடு வளர்ப்பு, குடியிருப்பு, பொறியியல் ஆகிய நான்கு துறைகளிலும் சிக்கலாக எழுந்தது. ஒரே மண்ணை நான்கு காலங்கள் நான்கு விதமாகப் படித்த வரலாறு அது.

தமிழாய்வாளர்க்கு இதில் வேறொரு தொடர்பும் உண்டு. ஹாங்காங்கின் மலைச்சரிவுகளில் மழைநீர் புகாதபடி பூசப்பட்ட காப்புப் பூச்சுக்கு அந்நாட்டுப் பொறியாளர்கள் வழங்கிய பெயர் ‘சுனம்’. அச்சொல்லின் வழித்தடம் பின்னர் எடுத்துரைக்கப்படும்.

1. பாறையிலிருந்து மண்

ஹாங்காங்கின் நிலப்பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி மலையும் குன்றும். நடுவுயிரூழிக் காலத்து எரிமலைப் பாறைகளும், அவற்றை ஊடுருவி உறைந்த கிரானைட்டுமே அங்குள்ள முதன்மையான பாறைகள். நகரம் பெரிதும் வளர்ந்த கவுலூன் தீபகற்பமும் ஹாங்காங் தீவின் வடபகுதியின் கணிசமான பரப்பும் கிரானைட்டின் மேல் அமைந்தவை.

கிரானைட்டின் மூன்று முதன்மைக் கூறுகள் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அபிரகம். மண்ணீரில் கரைந்த கரியமிலவாயு உண்டாக்கும் மென்காடி ஃபெல்ஸ்பாரைத் தாக்கி, அதிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவற்றைக் கரைத்துச் செல்கிறது. எஞ்சுவது கயோலின் என்னும் வெண்களி. குவார்ட்ஸ் கரையாமல் மணலாக நிற்கிறது. எனவே உருவாகும் மண், களியும் பருமணலும் கலந்ததாகவும், பயிர்க்கு வேண்டிய ஊட்டங்கள் ஏற்கெனவே கழுவப்பட்டதாகவும், அமிலத்தன்மை மிக்கதாகவும் அமைகிறது. பாஸ்பரசும் கரிமப்பொருளும் அதில் குறைவு. கவுலூனின் கிழக்கே சா க்வோ லிங் என்னுமிடத்தில் கயோலின் சுரங்கம் இயங்கியதும், அதனை அடுத்த கடற்கரைக் குன்றுகளில் ஹக்கா கல்தச்சர்கள் கட்டடக் கல் வெட்டியதும் ஒரே பாறையின் இரு நிலைகளுக்குச் சான்றுகள்.

இச்சிதைவு மேலிருந்து கீழாக ஒரே சீராக நிகழ்வதில்லை. பாறையிலுள்ள வெடிப்புகளின் வழியே நீர் இறங்குவதால், வெடிப்பை ஒட்டிய பகுதி முதலில் மண்ணாகிறது. நடுப்பகுதி உருண்டைக் கல்லாக எஞ்சுகிறது. சரிவில் மண்ணுக்குள் புதைந்தும், மண் அரிக்கப்பட்டபின் வெளியே துருத்தியும் காணப்படும் பெருங்குண்டுக் கற்கள் இவ்வாறு உண்டானவை. ரக்ஸ்டன், பெர்ரி ஆகிய இரு ஆய்வாளர்கள் 1957இல் வெளியிட்ட கட்டுரை, ஹாங்காங் கிரானைட்டின் சிதைவுப் படலத்தை அடுக்குகளாகப் பகுத்து விளக்கியது. பின்னாளில் பொறியாளர்கள் சிதையாப் பாறை முதல் முற்றிலும் மண்ணானது வரை ஆறு தரங்களாகப் பகுத்தனர். நான்காம் தரமும் ஐந்தாம் தரமும் வேறுபடும் இடத்தில் வைக்கப்படும் சோதனை எளியது: நீரில் இட்டால் உதிர்கிறதா, இல்லையா என்பதே. உதிர்வது ஐந்தாம் தரம். இச்சிதைவுப் படலம் சில இடங்களில் 60 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது.

இம்மண்ணின் வரம்புகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, ஊட்டக் குறைவு. இரண்டாவது, மேற்பரப்பில் செடிகொடி நீங்கியவுடன் ஓடுநீரால் விரைந்து அரிக்கப்படுதல். பருமணலைப் பிணைத்து நிறுத்தும் பசைப்பு இதில் மிகுதியாக இல்லை. மூன்றாவது, ஈரத்தால் வலிமை குன்றுதல். மண் துகள்களுக்கு இடையே நீர் முழுவதும் நிரம்பாத நிலையில், அங்குள்ள சிறு நீர்த்திவலைகள் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கின்றன. இவ்வுறிஞ்சு விசையே செங்குத்தான சரிவுகளை வறண்ட காலத்தில் நிறுத்திவைக்கிறது. தொடர்மழையில் மண் நிறைவுறும்போது அப்பிடிப்பு மறைகிறது. பழைய பாறையின் வெடிப்புகள் மண்ணிலும் அப்படியே எஞ்சியிருப்பதால், அவை வழுக்குத் தளங்களாகவும் மாறுகின்றன. ஹாங்காங்கில் ஆண்டு மழை சுமார் 2,400 மில்லிமீட்டர்; அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பொழிகிறது என்பதை இங்கு இணைத்துப் பார்த்தல் வேண்டும்.

2. ‘தரிசுத் தீவு’ என்னும் பார்வை

1841இல் பிரித்தானியர் ஹாங்காங் தீவைக் கைக்கொண்டபோது, இலண்டனில் வெளியுறவு அமைச்சராயிருந்த பாமர்ஸ்டன் அதை வீடுகூட அரிதான தரிசுத் தீவாக இகழ்ந்தார் என்பது வரலாற்று மாணவர் அறிந்த செய்தி. அவ்விகழ்ச்சி வணிக நோக்கிலிருந்து எழுந்தது. ஆயினும் மரமற்ற மலைச்சரிவுகள், வெளிறிய செம்மண், துருத்திய கற்கள் ஆகியவை அக்காலப் பார்வையாளர்க்கு அத்தகைய எண்ணத்தையே உறுதிப்படுத்தின.

அம்மலைகள் இயற்கையாகவே மரமற்றவை அல்ல. பருவமழைக் காடு வளரத்தக்க தட்பவெப்பம் அது. நூற்றாண்டுகளாகப் புல்லும் புதரும் விறகுக்காக வெட்டப்பட்டன; சரிவுகளில் தீ பலமுறை பரவியது. சிப்பியையும் பவளத்தையும் சுட்டு நீற்றும் சுண்ணாம்புக் காளவாய்கள் அக்கடற்கரையில் மிகப் பழங்காலந்தொட்டே இயங்கின. அவற்றுக்கும் எரிபொருள் வேண்டியிருந்தது. காடு நீங்கியதும் மேல்மண் கரைந்து, அடியிலுள்ள சிதைவுப் படலம் வெளிப்பட்டது.

அதே நிலத்தில் வாழ்ந்த சிற்றூர் மக்கள் இம்மண்ணின் வரம்பை அறியாதவர் அல்லர் என்பதற்கு அவர்களின் நிலப்பயன்பாடே சான்று. நெல் விளைந்தது பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணில். சரிவு புல்லுக்கும் விறகுக்கும் இடுகாட்டுக்கும் உரியதாயிருந்தது. ஊருக்குப் பின்னே எழும் சரிவில் மட்டும் ஒரு சோலை வெட்டப்படாமல் காக்கப்பட்டது. ‘ஃபெங் சுய்’ நம்பிக்கையின்படி ஊரின் நல்வாழ்வைக் காப்பது அச்சோலை. நம்பிக்கையை ஏற்பினும் ஏற்காவிடினும், குடியிருப்புக்கு நேர் மேலுள்ள சரிவில் வேர்கள் மண்ணைப் பிடித்திருந்தன என்பது உண்மை. அச்சோலைகளுட் பல இன்றும் எஞ்சியுள்ளன. மண் பற்றிய அறிவு கொள்கையாக எழுதப்படாமல் வழக்கமாக நிலைபெற்றதற்கு இவை எடுத்துக்காட்டு. எனவே ‘தரிசு’ என்னும் சொல் மண்ணின் இயல்பைக் குறிக்கும் அளவுக்கு, அதைக் கூறியவரின் எதிர்பார்ப்பையும் குறிக்கிறது.

3. காடு வளர்ப்பும் நீர்த்தேக்கமும்

1870களில் அரசுத் தோட்டப் பொறுப்பாளராக வந்த சார்லஸ் ஃபோர்டு காலத்தில் தீவின் சரிவுகளில் பெருமளவு மரம் நடும் பணி தொடங்கியது. மண்ணின் ஊட்டக் குறைவு மரத்தேர்வை வரையறுத்தது. அமில மண்ணிலும் வெயிலிலும் தாக்குப்பிடிக்கும் தென்சீன ஊசியிலை மரமே முதன்மையாக நடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இவ்வுழைப்பின் பெரும்பகுதி, 1941 டிசம்பர் முதல் 1945 ஆகஸ்டு வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்து விறகுப் பஞ்சத்தில் அழிந்தது.

போருக்குப் பின் சிக்கல் வேறு வடிவம் பெற்றது. மக்கட்பெருக்கத்தால் குடிநீர்த் தேவை கூடியது. 1957இல் முடிக்கப்பட்ட தாய் லாம் சுங் நீர்த்தேக்கத்தின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கிரானைட் சரிவுகள் ஆழமான ஓடைப் பள்ளங்களாகக் கிழிந்து கிடந்தன. மழைதோறும் இறங்கும் மணல் நீர்த்தேக்கத்தைத் தூர்க்கும் என்னும் அச்சமே 1950களில் அங்கு நடைபெற்ற பெரும் நடவுக்குக் காரணம். ஊசியிலை மரங்களோடு, காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த தைவான் வேலமரமும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பிரிஸ்பேன் பாக்ஸ் மரமும் அங்கு இடம்பெற்றன.

இக்கட்டத்தில் மண்ணின் குறை, ‘விளையாமை’ என்பதிலிருந்து ‘நிலைத்து நில்லாமை’ என்பதாக மாறியதைக் காணலாம். ஆயினும் மரம் மேற்பரப்பு அரிப்பைத் தடுக்கும் அளவுக்கு ஆழ்நிலைச் சரிவைத் தடுப்பதில்லை. மரவேர் எட்டும் ஆழம் சில மீட்டர். சிதைவுப் படலமோ பல பத்து மீட்டர். அடுத்து வந்த காலம் தொட்டது அந்த ஆழத்தையே.

4. குடியிருப்பும் நிரப்புமண்ணும்

போர் முடிந்தபோது ஹாங்காங்கின் மக்கள்தொகை சுமார் ஆறு இலட்சம். 1961 கணக்கெடுப்பில் அது முப்பது இலட்சத்தைக் கடந்தது. சீன உள்நாட்டுப் போரும் 1949இன் ஆட்சி மாற்றமும் அனுப்பிய ஏதிலிகள் கிரானைட் சரிவுகளில் தகரமும் பலகையும் கொண்டு குடிசை எழுப்பினர். 1953 டிசம்பர் 25 இரவில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதியில் மூண்ட தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடிழக்கச் செய்தது. அதைத் தொடர்ந்து அரசே அடுக்குமாடி மறுகுடியேற்றக் குடியிருப்புகளைக் கட்டத் தொடங்கியது.

சமநிலம் இல்லாத ஊரில் அடுக்குமாடிக்குத் தளம் வேண்டுமெனில் குன்றை வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை அருகிலுள்ள பள்ளத்தில் கொட்டினால் அதுவும் தளமாகும். சிதைந்த கிரானைட் எளிதில் தோண்டத்தக்கது என்பதால் இம்முறை விரைவும் சிக்கனமும் உடையதாயிருந்தது. மண்ணின் மென்மையே இங்கு அதன் பயன். ஆனால் இயற்கைச் சரிவிலுள்ள சிதைவுப் படலம், தன் தாய்ப்பாறையின் கட்டமைப்பை ஓரளவு தக்கவைத்திருக்கிறது. தோண்டிக் கொட்டியபின் அக்கட்டமைப்பு முற்றிலும் அழிகிறது. அடுக்கடுக்காக இடித்து இறுக்கப்படாமல் விளிம்பிலிருந்து சரித்து விடப்பட்ட மண், இடைவெளிகள் மிகுந்த தளர்ந்த குவியலாகவே நின்றது. வறண்ட நாளில் அதற்கும் உறுதியான சரிவுக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு இல்லை.

1972 ஜூன் 16 முதல் 18 வரை மூன்று நாள்களில் சுமார் 650 மில்லிமீட்டர் மழை பெய்தது. 18ஆம் நாள் பிற்பகல், கிழக்குக் கவுலூனின் சௌ மாவ் பிங் பகுதியில் சாலையைத் தாங்கிய, 40 மீட்டர் உயரமுள்ள நிரப்புமண் சரிவு இடிந்து, அடிவாரத்தில் அரசு உரிமம் பெற்று அமைந்திருந்த குடிசைப் பகுதியை மூடியது. 71 பேர் மாண்டனர். அன்றிரவே ஹாங்காங் தீவின் பொ ஷான் சாலையில் நிகழ்ந்த மற்றொரு சரிவு, 12 மாடிக் கட்டடம் ஒன்றை வீழ்த்தி 67 பேரைப் பலிகொண்டது. பின்னது எரிமலைப் பாறைப் பகுதியில், வசதி படைத்தோர் வாழ்ந்த இடத்தில் நிகழ்ந்தது. முன்னது கிரானைட் மண்ணில், வேறிடம் இல்லாதோர் வாழ்ந்த இடத்தில் நிகழ்ந்தது. மழை இரு தரப்பாரையும் வேறுபடுத்தவில்லை. ஆனால் நாற்பது மீட்டர் தளர்மண்ணின் அடியில் குடிசைகளுக்கு உரிமம் வழங்கியது மழை அன்று.

விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது, பரிந்துரைகள் வந்தன. எனினும் அதே முறையில் கொட்டப்பட்ட பிற சரிவுகள் அப்படியே நின்றன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1976 ஆகஸ்டு 25இல் சௌ மாவ் பிங்கிலேயே வேறொரு நிரப்புமண் சரிவு சேறாக ஓடி, குடியிருப்பின் ஒன்பதாம் கட்டடத் தரைத்தளத்துக்குள் புகுந்தது. 18 பேர் இறந்தனர். ஒரே ஊரில், ஒரே வகை மண்ணில், ஒரே காரணத்தால் நிகழ்ந்த இரண்டாம் அழிவு இது. முதல் அழிவை அறியாமையின் கணக்கில் எழுத இடமுண்டு. இரண்டாவதை அவ்வாறு எழுத இயலாது.

5. மண்ணைப் படிக்கும் அறிவு

இம்மண்ணைப் பற்றிய அறிவியல் அக்காலத்தில் இல்லாமல் இல்லை. ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் பீட்டர் லம்ப், சிதைந்த கிரானைட்டின் பண்புகளைப் பற்றி 1962லேயே ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1965இல் ஹாங்காங்கின் எச்சமண்கள் பற்றி எழுதினார். 1975இல் வெளியிட்ட கட்டுரையில், சரிவு நிகழும் நாளின் மழையோடு அதற்கு முந்திய 15 நாள்களின் மழையையும் சேர்த்துக் கணக்கிட்டு இரண்டுக்குமுள்ள தொடர்பை ஆராய்ந்தார். அறிவு இருந்தது; அதைக் கட்டுமான ஆணையாக மாற்றும் நிறுவனம்தான் இல்லை.

1976இன் வல்லுநர் குழு அளித்த விளக்கம் சுருக்கமானது. சரிவின் மண் இறுக்கப்படாமல் கொட்டப்பட்டது. மழைநீர் மேற்பரப்பில் ஊறியதும் தளர்ந்த துகளமைப்பு குலைந்து நீர்மம்போல் ஓடியது. தீர்வும் அதனுள்ளேயே இருந்தது: மேலுள்ள மூன்று மீட்டர் மண்ணை அகழ்ந்து, வடிகால் அமைத்து, அடுக்கடுக்காக இறுக்கி மீண்டும் இடுதல். அதாவது மாற்றப்பட வேண்டியது மண் அன்று, அதை இட்ட முறை. இக்குழுவின் பரிந்துரையால் 1977இல் மண்சரிவுக் கட்டுப்பாட்டுக்கென நிலத்தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அலுவலகம் தோன்றியது. 1979இல் சரிவுகளுக்கான கையேடு வெளிவந்தது. இன்று அங்கு மனிதரால் உருவாக்கப்பட்ட சரிவுகள் சுமார் 60,000 பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் வழங்கப்பட்டுள்ளது. 1947 முதல் 470க்கும் மேற்பட்டோர் மண்சரிவால் இறந்துள்ளனர். அவ்விறப்புகளுட் பெரும்பாலானவை இவ்வேற்பாடுகள் வேரூன்றுவதற்கு முன் நிகழ்ந்தவை.

6. ‘சுனம்’: ஒரு சொல்லின் தடம்

வெட்டிய சரிவுகளை மழையிலிருந்து காக்க ஹாங்காங்கில் நீண்டகாலம் பூசப்பட்ட ‘சுனம்’, ஒரு பங்கு சிமெண்டு, மூன்று பங்கு சுண்ணாம்பு, இருபது பங்கு களிப்பாங்கான சிதைமண் என்னும் அளவில் குழைக்கப்பட்டது. சரிவிலிருந்து வந்த மண்ணையே கொண்டு சரிவை மூடும் முறை இது. ஆங்கிலோ-இந்திய வழக்கில் சுண்ணாம்பையும், குறிப்பாகச் சென்னையில் பளிங்குபோல் மெருகேற்றப்பட்ட சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சையும் குறித்த சொல்லே பிரித்தானியரோடு கிழக்கே சென்று, அங்கு வேறு பொருளைத் தழுவியது. தமிழின் ‘சுண்ணம்’, ‘சுண்ணாம்பு’ ஆகியவற்றோடு அதற்குள்ள உறவு வெளிப்படை. தமிழ்ச்சொல் வடமொழியின் ‘சூர்ண’த்திலிருந்து வந்ததா என்பது பற்றி அகராதியாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இங்கு கருதத்தக்கது வேறு. மாளிகைச் சுவருக்கு ஒளியூட்டிய பூச்சின் பெயர், மலைச்சரிவின் மேலுறையாக மாறியது. சுவரில் அதன் பணி அழகு. சரிவில் அதன் பணி, மண்ணுக்குள் நீர் புகாமல் தடுத்து உறிஞ்சு விசையைக் காத்தல். ஆனால் பூச்சு நாளடைவில் வெடித்தது. வெடிப்பின் வழியே நீர் புகுந்தது. உள்ளே ஊறிய நீர் வெளியேறத் துளைகள் வேண்டியிருந்தன. அதன் மேல் எதுவும் முளைக்கவும் இல்லை. பிற்காலத்தில் ஆணித்தண்டுகளால் உள்ளிருந்து வலுவூட்டி, மேற்பரப்பில் செடிகொடி வளர்க்கும் முறை முதன்மை பெற்றது. மண்ணை மூடி மறைத்த காலம் முடிந்து, ஊர்ச்சோலை காத்த மக்கள் அறிந்திருந்த பசுமைப் போர்வை வேறொரு கணக்கீட்டோடு திரும்பியது எனலாம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கிரானைட் சரிவு மண்ணின் ஊட்டக் குறைவு, அரிபடும் தன்மை, ஈரத்தால் வலிமை இழத்தல் ஆகிய மூன்றும் அதன் கனிமப் பிறப்போடு வந்தவை. நூற்று எண்பது ஆண்டுகளில் இவை மாறவில்லை. மண்ணிடம் கேட்கப்பட்ட கேள்வியே மாறியது.

2. சிற்றூர் மக்களின் நிலப்பயன்பாடு இவ்வரம்புகளுக்குள் அமைந்தது. பிற்காலத்துக் கட்டுமானம் வரம்பைக் கடந்தபோது, அதற்கு ஈடான அறிவையும் மேற்பார்வையையும் உடன் கொண்டுவரவில்லை.

3. ஆய்வறிவு உருவாவதற்கும் அது உயிர்காக்கும் விதியாக மாறுவதற்கும் இடையே ஹாங்காங்கில் பதினைந்து ஆண்டுகள் கழிந்தன. 1972க்கும் 1976க்கும் இடைப்பட்ட நான்கு ஆண்டுகள் அவ்விடைவெளியின் விலையைக் காட்டுகின்றன.

சுற்றுச்சூழல் வரலாற்றை எழுதுவோர் மண்ணை நிகழ்ச்சிகளின் பின்னணியாக மட்டும் கொள்ளுதல் போதாது. அதேவேளை, மண்ணையே குற்றவாளியாக்கி மனித முடிவுகளை மறைப்பதும் பொருந்தாது. ‘இயற்கைச் சீற்றம்’ என்னும் தொடரை ஆளுமுன், சரிந்த மண் அங்கு எவ்வாறு வந்தது, அதன் அடியில் இருந்தோர் எதனால் அங்கு இருந்தனர் என்னும் இரு வினாக்களை வரலாற்றாய்வாளர் எழுப்புதல் கடமையாகும்.